ஃபிளானல் போர்டில் ஓர் அடக்க ஆராதனை

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு விவசாயி செத்துப்போனார்.

ஆர்டிஸ் ஃபாசம் அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதுப் பாலர் பள்ளி ஆசிரியை, இருமலோடும் முழங்கால் வலியோடும், பெயின்ட் டப்பா அலமாரிக்குப் பின்னால் குந்தி ஒளிந்திருந்தாள். தான் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பது சட்டம்.

"நேரா படுக்க வைடா. கொட்டகைமேல வை," என்றாள் இங்கா ருஸ்டட். நாலரை வயது. பனிச்சட்டையைக் கழற்றக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதிகாரம் செய்யக் கற்றுக்கொண்டவள்.

வகுப்பில் இருந்த இரட்டையர்களில் ஒருவன் அப்படியே வைத்தான். துணித் துண்டுகளை ஒட்டிக் கதை சொல்லும் சாம்பல் நிற ஃபிளானல் போர்டின் நடுவில் சிவப்புக் கொட்டகை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன்மேல், நீலச் சட்டை போட்ட ஃபெல்ட் துணி விவசாயி குப்புற ஒட்டிக்கொண்டார். மனைவி, பசு, இரண்டு பன்றி, மூன்று கோழி எல்லாம் சுற்றி வரிசையாக நின்றன.

"எல்லாரும் கிட்ட வாங்க. அழணும்," என்றாள் இங்கா.

"பன்னி அழுமா?"

"எல்லாரும்தான் அழணும். அப்புறம்தான் காப்பி."

அழுதார்கள். மரக்கட்டைகளைக் கோப்பையாக்கிக் காப்பி குடித்தார்கள். இரட்டையர்களில் மற்றவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பெருமூச்சு விட்டான்.

"பத்தொம்பது வருஷம். போதாதா?"

"போதும் போதும். நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் இங்கா. "இப்ப புதைக்க முடியாது. தரை உறைஞ்சு கெடக்கு. பனி உருகினதும் பாத்துக்கலாம்."

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் டான்பெர்க்கில் ஜனவரியில் செத்தவர்களை மே மாதம்தான் மண்ணுக்குள் இறக்க முடியும். அதுவரை கல்லறைத் தோட்டத்து அறையில் காத்திருப்பார்கள். அது எங்கள் ஊர் நாலரை வயதுக்குக்கூடத் தெரியும். பத்தொன்பது வயதில் ஒரு விவசாயி போய்விட்டாரே என்றுதான் ஆர்டிஸ் நினைத்தாள்.

பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. பாலர் பள்ளி நடப்பது சர்ச்சின் கீழ்த்தளத்தில். அதே கீழ்த்தளத்தின் மறுபாதியில்தான் அடக்க ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு. நடுவில் ஒரு மடிப்புத் திரைக்கதவு. அதை முழுசாக மூடவும் முடியாது, முழுசாகத் திறக்கவும் முடியாது. புது வருஷம் பிறந்ததிலிருந்து ஐந்து சாவு. பிள்ளைகளுக்கு எழுத்துகளில் பாதிதான் தெரியும், ஆனால் ஹாம் என்கிற பன்றிக்கறித் துண்டு வைத்த பன்னை எந்தப் பக்கத்திலிருந்து பரிமாற வேண்டும் என்று கேட்டால் எட்டுப் பேரும் சரியாகச் சொல்வார்கள்.

கவலை வேறு இடத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாநில மேற்பார்வையாளர் வருகிறார்.

போன வருஷம் வந்தவருடைய படிவத்தில் 'பிள்ளைகள் தாங்களாக விளையாடும் நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பெரியவர்கள் யாரும் தலையிடாமல் இருபது நிமிஷம் விளையாட வேண்டும். மூன்றாவது நிமிஷமே எட்டுப் பிள்ளைகளும் ஆர்டிஸ் பக்கம் திரும்பி, "அடுத்து என்ன டீச்சர்?" என்று கேட்டுவிட்டார்கள். பத்தொன்பது வருஷமாக போர்டில் துண்டுகளை ஒட்டிக் கதை சொன்னவள் அவள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுத்தான் பழக்கம். இருபதுக்கு நாலு மார்க். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்தது.

ஆர்டிஸுக்கு இந்தப் பள்ளியை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஒரு பூனை இருக்கிறது. அது அவளைக் கண்டுகொள்வதில்லை.

அதனால் கிறிஸ்மஸ் விடுமுறை முழுக்க உட்கார்ந்து, பிள்ளைகள் தாங்களே எடுத்து விளையாடுவதற்கென்று பண்ணைத் தொகுப்பு ஒன்றைத் தைத்தாள். சந்தோஷமான பண்ணை. விவசாயியின் வாயைச் சிவப்பு நூலால் சிரிக்க வைத்திருந்தாள். அந்தச் சிரிப்போடு அவர் இப்போது தன் கொட்டகையையே சவப்பெட்டியாக்கிக்கொண்டு குப்புறக் கிடந்தார்.

அன்று பிள்ளைகள் போனதும் அவரை உரித்தெடுத்துக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிணம் இல்லாமல் அடக்கம் ஏது?

செவ்வாய்க்கிழமை விவசாயியின் மனைவி கொட்டகைமேல் கிடந்தாள்.

அலமாரிக்குப் பின்னால் ஆர்டிஸ் கையைப் பிசைந்தாள். ஊரில் இப்படி நடப்பதுண்டுதான். புருஷன் போன மறுவாரமே பெண்டாட்டியும் போய்விடுவாள். ஆனால் ஃபெல்ட் துணியிலுமா? அதற்குமேல் பொறுக்க முடியாமல் வெளியே வந்தாள்.

"ஏன் இங்கா, பசுவுக்குப் புல்லு போடலாமே? டிராக்டர் ஓட்டலாமே?"

இங்கா இடுப்பில் கைவைத்தாள். "டீச்சர், இது நாங்களா வெளையாடற நேரம். நீங்க பேசக்கூடாது."

"இல்லம்மா, நான் சும்மா..."

"அலமாரிக்குப் பின்னாடி போங்க. அங்கதான உங்க எடம்?"

ஆர்டிஸ் போனாள். இத்தனை நாள் ஒளிந்தது வீண் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்று மத்தியானம் இங்காவின் அம்மா லாவெர்ன் வந்தாள். சாவுச் சாப்பாட்டுக் குழுவுக்குத் தலைவி அவள்தான். கையில் அளவுநாடா. திரைக்கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பிடித்து அளந்தாள். ஆர்டிஸைப் பார்த்ததும் நாடா சட்டென்று சுருண்டுகொண்டது.

"புதுத் திரையா லாவெர்ன்?"

"ஆ... அந்த மாதிரிதான்."

"கனமான துணியா போடு. பிள்ளைங்க எல்லாத்தையும் பாத்துப் பாத்து, இப்ப அதையே வெளையாடுதுங்க."

லாவெர்னின் முகம் வெளுத்தது. "என்ன வெளையாடுதுங்க?"

"சாவு வெளையாட்டு. நேத்து விவசாயி, இன்னிக்கு அவர் பொண்டாட்டி."

"ஓ, விவசாயியா," என்று லாவெர்ன் மூச்சு விட்டாள். பிறகு காருக்குப் போய், பழைய கம்பளியில் சுற்றிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ். "வச்சுக்க. பாத்திரத்தத் திருப்பித் தர ஒண்ணும் அவசரமில்ல."

"எதுக்கு இதெல்லாம்?"

"இருமிக்கிட்டே இருக்கியே," என்று சொல்லிவிட்டு லாவெர்ன் போய்விட்டாள்.

இது மூன்றாவது பாத்திரம். வாரக் கடைசியில் இரண்டு பேர் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அவர்களும் இருமலைத்தான் சொன்னார்கள். சாவு விழுந்த வீட்டுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம்; ஆர்டிஸின் அம்மா இறந்தபோது பதினோரு பாத்திரம் வந்தது. ஒரு இருமலுக்கு மூன்று என்பது கொஞ்சம் அதிகம்தான். நம்மேல் இவ்வளவு பிரியமா என்று அவளுக்குக் கண் கலங்கியது. அன்று சாயங்காலம் ஹாட்டிஷைச் சாப்பிட்டுக்கொண்டே, பண்ணையைச் சந்தோஷப்படுத்த மஞ்சள் துணியில் பெரிய பூக்கள் எட்டும், ஒரு பிறந்தநாள் கேக்கும் வெட்டித் தைத்தாள். விவசாயியின் மனைவியையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை செத்தது பசு.

பூக்கள் எட்டும் மலர்வளையமாகக் கொட்டகையைச் சுற்றி ஒட்டப்பட்டன. கேக் என்ன ஆனது என்று கேட்க வேண்டியதே இல்லை. இங்கா அதை போர்டின் மூலையில் ஒட்டி, "சாப்பிடாம போயிடாதீங்க. நெறைய மிச்சம் இருக்கு," என்று கோழிகளை அழைத்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன் வெறும் அடக்கமாக இருந்தது, இப்போது வசதியான குடும்பத்து அடக்கமாகிவிட்டது.

ஆர்டிஸ் பாஸ்டர் டாலெஃப்சனிடம் போனாள். அவர் நல்ல மனிதர். எதையும் நேராகச் சொல்லி யாரையும் நோகடித்ததில்லை. பிரசங்கத்திலும் அப்படித்தான், கடைசிவரை என்ன சொல்ல வருகிறார் என்று தெரியாது.

"பாஸ்டர், வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வர்றாங்க. பிள்ளைங்க போர்டுல சாவு வெளையாடுதுங்க. இதப் பாத்தா நம்ம ஸ்கூல மூடிடுவாங்க."

பாஸ்டர் சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்.

"ம். அது ஒரு மாதிரிதான்," என்றார்.

"நீங்க வந்து பிள்ளைங்ககிட்ட ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லலாமே? நீங்க சொன்னா கேப்பாங்க."

"சொல்லணும்தான். யாராவது சொல்லித்தான் ஆகணும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வசந்தத்துக்கு உங்களுக்கு ஏதாவது திட்டம் இருக்கா ஆர்டிஸ்? அரிசோனா பக்கம் போய் வரலாமே. வெயில் நல்லா இருக்குமாம்."

"மே மாசம் வரைக்கும் ஸ்கூல் இருக்கே பாஸ்டர்."

"ஆமா, மே வரைக்கும் இருக்கு," என்றார் பாஸ்டர். அவள் எழுந்தபோது, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் மனைவி செய்த டூனா மீன் ஹாட்டிஷ்.

வியாழக்கிழமை பன்றிகளின் முறை வந்தது. இரண்டும் ஒன்றாகக் கொட்டகைமேல் கிடந்தன. ஏதோ தொற்றுநோய் போல. அன்று ஆர்டிஸ் ஒரு முடிவுக்கு வந்தாள். சாகக்கூடிய எதையும் போர்டில் விட்டுவைக்கக் கூடாது. பசு, பன்றிகள் எல்லாம் பைக்குள் போயின. கோழிகளை மட்டும் விட்டாள், அவை கொட்டகைமேல் படுத்தால் கண்ணுக்கே தெரியாது. மிச்சம் கொட்டகை, டிராக்டர், சூரியன், பூக்கள், கேக். கொட்டகையையும் எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டாள். உள்ளே வைக்க ஆளே இல்லாமல் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்?

கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது லாவெர்ன் வந்தாள்.

"ஆர்டிஸ், நாளைக்குப் பத்து மணிக்கு ஆல்வின் ஸ்ட்ராண்டோட அடக்க ஆராதனை. நூத்தம்பது பேர் வருவாங்க."

"நாளைக்கா? நாளைக்கு மேற்பார்வையாளர் வர்றாங்களே! தள்ளி வைக்க முடியாதா?"

"எதத் தள்ளி வைக்கறது? அவர் ஏற்கனவே செத்துட்டாரு."

"சனிக்கிழமை வைக்கலாமே. தொண்ணூத்தோரு வருஷம் பொறுத்தவருக்கு ஒரு நாள் பொறுக்க முடியாதா?"

"பன்னு எல்லாம் வந்து எறங்கியாச்சு," என்றாள் லாவெர்ன். எங்கள் ஊரில் அதற்குமேல் பேச்சு கிடையாது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேற்பார்வையாளர் மிஸ் ப்ரூவிட் சிவப்பு வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவுக்குச் சிவப்பு அடித்தது ஆர்டிஸ்தான், பள்ளி தொடங்கிய வருஷம். மிஸ் ப்ரூவிட் நெட்டையான பெண்மணி. கையில் படிவம், கழுத்தில் நேரம் பார்க்கும் கடிகாரம், முகத்தில் எதுவுமில்லை.

"நாம எங்க நிக்கலாம்?"

"அலமாரிக்குப் பின்னாடி," என்றாள் ஆர்டிஸ். "அவங்களுக்குப் பழக்கம்தான்."

இரண்டு பேரும் நின்றார்கள். கடிகாரம் ஓடத் தொடங்கியது. மேலே ஆராதனையில் ஆர்கன் ஒலிக்கத் தொடங்கியது. திரைக்கதவின் இடுக்கு வழியாக ஹாமும் காப்பியும் மணத்தன.

பிள்ளைகள் போர்டின் முன்னால் கூடினார்கள். துண்டுகள் குறைந்துபோனதைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இங்கா சிவப்புக் கொட்டகையை எடுத்தாள், மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்து, நடுவில் ஒட்டி, உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டாள். சுற்றிலும் மஞ்சள் பூக்கள். ஆள் இல்லாத பெட்டிக்கு முன்னால் கோழிகள் மூன்றும் வரிசையாக நின்றன.

ஆர்டிஸ் பைக்குள் கைவிட்டு விவசாயியை நசுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு அழறதுக்கு ஆளே இல்ல," என்றான் இரட்டையர்களில் ஒருவன்.

"நாமளே அழுவோம்," என்றாள் இங்கா.

எட்டுப் பேரும் போர்டின் முன்னால் மண்டியிட்டார்கள். மேலே ஆர்கன் வாசித்த பாட்டை, வார்த்தை தெரியாமல், வெறும் ராகமாகப் பாடினார்கள். பிறகு இங்கா எழுந்து பாஸ்டர் மாதிரியே தொண்டையைச் செருமி, "இது நல்லா இருந்துச்சு. சூடா இருந்துச்சு. எல்லாரும் இங்க வந்தோம்," என்று பிரசங்கம் செய்தாள். பாஸ்டருடையதைவிடத் தெளிவாக இருந்தது. ஒரு குழந்தை நிஜமாகவே அழுதது. இன்னொன்று அதற்குக் கேக் கொடுத்தது. காப்பி வந்தது. ஒருவரும் அலமாரிப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

மிஸ் ப்ரூவிட் எழுதிக்கொண்டே இருந்தார். பக்கத்தைத் திருப்பி மறுபக்கமும் எழுதினார். எழுத எழுத ஆர்டிஸுக்குத் தன் பத்தொன்பது வருஷமும் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே போவது போலிருந்தது.

முப்பத்தொரு நிமிஷம். கடிகாரம் நின்றது. ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மிஸ் ஃபாசம்," என்று மிஸ் ப்ரூவிட் மூக்கை உறிஞ்சினார். "இருபத்திரெண்டு வருஷமா ஊர் ஊரா சுத்தறேன். பெரியவங்க சொல்லிக்குடுக்காம, பிள்ளைங்க தங்களோட மனசுல இருக்கறத தாங்களே எடுத்து வெளையாடி நான் பாத்ததே இல்ல. எப்படிச் செஞ்சீங்க?"

"நான் எதுவுமே செய்யல," என்றாள் ஆர்டிஸ். உண்மை அதுதான்.

"அதுதான் ரொம்பக் கஷ்டம். இருபதுக்கு இருபது. அனுமதி மூணு வருஷத்துக்கு. கடிதம் அடுத்த வாரம் பாஸ்டருக்கு வந்துடும்."

மிஸ் ப்ரூவிட் ஒரு ஹாம் பன்னை வாங்கித் தின்றுகொண்டே பனியில் இறங்கிப் போனார். ஆர்டிஸ் ஓடினாள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. திரைக்கதவை விலக்கி, ஆராதனை முடிந்து இறங்கி வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, "பாஸ்டர்! லாவெர்ன்! இருபதுக்கு இருபது! இன்னும் மூணு வருஷம்!" என்று கூவினாள். சாவு வீட்டில் கூவக்கூடாது என்பதுகூட மறந்துபோயிற்று.

ஆல்வின் ஸ்ட்ராண்டின் பிள்ளைகள்கூட அழுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பாஸ்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், குலுக்கிக்கொண்டே இருந்தார், விடுவதா வேண்டாமா என்று தெரியாதவர் மாதிரி. லாவெர்ன் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு அடுக்களைக்குப் போய், மூடி போட்ட பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள்.

"இது கோழி. எடுத்துட்டுப் போ."

சந்தோஷத்தில் இவர்களுக்குப் பேச்சே வரவில்லை என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள்.

வகுப்புக்குத் திரும்பியபோது பிள்ளைகள் பனிச்சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்டிஸ் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்த எல்லாரையும் எடுத்து போர்டில் ஒட்டினாள். விவசாயி, மனைவி, பசு, பன்றிகள். விவசாயி கசங்கியிருந்தார், ஆனால் சிரிப்பு அப்படியே இருந்தது. கடைசியாகக் கொட்டகையை உரித்து நிமிர்த்தப் போனாள்.

"நிமித்தாதீங்க டீச்சர்," என்றாள் இங்கா, ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக. "அது செத்துப்போச்சு."

"கொட்டகை எப்படிம்மா சாகும்? அது வெறும் பெட்டிதான? செத்தது விவசாயி. இங்க பாரு, உயிரோட வந்துட்டாரு!"

"விவசாயி சாகவே இல்ல. அவரு அதுமேல படுத்து அழுதுட்டிருந்தாரு. அழறவங்களத்தான் நீங்க ஒவ்வொருத்தரா எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டீங்க."

ஆர்டிஸின் கை கொட்டகையோடு அப்படியே நின்றது. "அப்போ இது என்ன இங்கா?"

இங்கா திரைக்கதவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வரவில்லை என்று தெரிந்ததும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நம்ம ஸ்கூலு டீச்சர். சாவுச் சாப்பாட்டுக்கு எடம் பத்தலன்னு கிறிஸ்மஸ் முடிஞ்சதுமே சர்ச்சுல ஓட்டுப் போட்டுட்டாங்க, பனி உருகினதும் மூடிடுவாங்க. உங்ககிட்ட யாரு சொல்றதுன்னுதான் யாருக்கும் தெரியல, அதான் அம்மா எல்லாரையும் ஹாட்டிஷ் மட்டும் குடுத்துட்டு வந்துடச் சொன்னாங்க."